பழைய ட்ரையம்ஃப் இன்ஜினில் மாற்றியவையும் மாற்றாமல் விட்டவையும்

எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்திய பிறகு ஓடிய நானூறாவது கிலோமீட்டரில் என் ட்ரையம்ஃப் மோட்டார் சைக்கிளின் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனின் ராடு கிராங்க் ஷாஃப்ட்டோடு சேரும் இடத்தில் இருப்பது) தட்டத் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். தொடர்பு இருந்தது. திறந்து மூடிப் பொறியை விடும் பழைய பாயிண்ட்டில் ஓடிய காலத்தில் எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே திக்கித் திணறிய இன்ஜின், புதிய இக்னிஷன் வந்ததும் சீராக எரியத் தொடங்கியது. அது இனிமையாக இழுக்கிறது என்ற மகிழ்ச்சியில் நானும் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். அதுவரை அரைகுறையாகக் கிடைத்த ஆயிலைக் கொண்டு எப்படியோ காலம் தள்ளி வந்த பேரிங்கால் அந்த வேகத்தைத் தாங்க முடியவில்லை. இன்ஜினைப் பிரித்துப் பார்க்காமலேயே அதை நவீனமாக்கத் தொடங்கியது என் தவறு. எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்பதைச் சற்று அதிகச் செலவில் கற்றுக்கொண்டேன்.

வண்டி 1968-ஆம் ஆண்டு டிஆர்6. 649 சிசி, 71 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 82 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), அருகருகே நிற்கும் இரண்டு சிலிண்டர்கள், ஒற்றை கார்புரேட்டர். இந்த இன்ஜினின் அடிப்படை அமைப்பு எட்வர்ட் டர்னர் வடிவமைத்து 1937-இல் வெளிவந்த 498 சிசி ஸ்பீட் ட்வின்னிலிருந்து வருவது. 1983-இல் ட்ரையம்ஃபின் மெரிடன் ஆலை மூடப்படும் வரை, அளவுகள் மாறினாலும் அந்தக் குடும்பச் சாயல் மாறவில்லை. இத்தனை ஆண்டுகள் நீடித்த ஒரு வடிவமைப்பை மோசமானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வண்டி வைத்திருப்பவர் வாரம் ஒரு முறை ஸ்பேனரைக் கையில் எடுப்பார், வால்வுகளை இயக்கும் டேப்பெட்டின் இடைவெளியை அளப்பார், பாயிண்ட்டைத் துடைப்பார், ஆயிலை அடிக்கடி மாற்றுவார் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட இன்ஜின் இது. ஆகவே நம்பகத்தன்மைக்காக இதை நவீனப்படுத்துவது என்றால், உரிமையாளரின் கவனத்தை மட்டுமே நம்பியிருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் குறைப்பது என்றே நான் பொருள் கொள்கிறேன். குதிரைத் திறனைக் கூட்டுவது வேறு வேலை. பெரும்பாலும் இதற்கு எதிரான வேலை.

முதலில் ஆயில். இந்த இன்ஜினில் காகித வடிகட்டி கிடையாது. ஆயிலுக்கென்று உள்ள தனி டேங்கிலும், கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கிராங்க் கேஸின் அடியிலும் கம்பி வலைகள் மட்டுமே உண்டு. மணலையும் உலோகச் செதிலையும் அவை பிடிக்கும். நுண்ணிய கரித்தூளையும் தேய்மானத் துகளையும் பிடிக்காது. அதை ஈடுசெய்யக் கிராங்க் ஷாஃப்ட்டின் உள்ளேயே ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். ஸ்லட்ஜ் டிராப் என்பது அதற்குப் பெயர். கிராங்க் சுழலும்போது ஆயிலைவிடக் கனமான அழுக்கு வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு அந்தக் குழாயில் படிகிறது. தெளிந்த ஆயில் பிக் எண்டுக்குப் போகிறது. பாலைச் சுழற்றி ஆடையைப் பிரிக்கும் இயந்திரத்தின் எளிய தத்துவம்தான் இது, நன்றாகவும் வேலை செய்கிறது, குழாய் நிரம்பும் வரை. நிரம்பிய பிறகு அழுக்கு அந்த ஆயில் துளைகளையே அடைக்கத் தொடங்கும். அதைச் சுத்தம் செய்ய இன்ஜினை முழுவதுமாகப் பிரித்துக் கிராங்க்கை வெளியே எடுத்தாக வேண்டும் என்பதால், யாரும் அதைச் செய்வதில்லை.

என் கிராங்க்கின் குழாய் ஐம்பது ஆண்டுகளில் ஒரு முறையாவது திறக்கப்பட்டதா என்பது சந்தேகமே. அதன் மூடித் திருகு கழன்று விடாதபடி உளியால் குத்தி இறுக்கியிருப்பார்கள். அந்தக் குத்திய இடத்தைத் துளையிட்டு நீக்கி, மூடியைச் சூடாக்கி, அடித்துத் திருப்பும் ஸ்க்ரூ டிரைவரால்தான் அசைக்க முடிந்தது. குழாயை உருவும் முன் ஃப்ளைவீல் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்ற வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு போல்ட்டின் முனைதான் குழாயை இடம் மாறாமல் பிடித்திருக்கிறது. இதை அறியாமல் குழாயை இழுத்துக் கிழித்தவர்கள் பலர். உள்ளே இருந்தது களிமண் போல இறுகிய, ஈயச் சாம்பல் நிறப் பிசின். ஒரு பக்கத்து பிக் எண்டுக்குப் போகும் துளை முக்கால்வாசி மூடியிருந்தது. தட்டிய பேரிங்கும் அந்தப் பக்கத்தது தான்.

கிராங்க்கை அடுத்த அளவுக்குச் சாணை பிடித்து, புதிய ஷெல் பேரிங்குகளைப் போட்டேன். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள் அலுமினியக் கலவையால் ஆனவை. எஃகைப் போலன்றி அலுமினியத்துக்குக் களைப்பு எல்லை என்று ஒன்று கிடையாது. எவ்வளவு சிறிய சுமையானாலும் எண்ணிக்கை ஏற ஏற ஒரு நாள் விரிசல் விடும். ஆகவே சாயம் ஊடுருவும் சோதனையில் விரிசல் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே பழைய ராடுகளைத் திரும்பப் பயன்படுத்தினேன். ராட் போல்ட்டுகளையும் நட்டுகளையும் மட்டும் யோசிக்காமல் புதிதாக மாற்றினேன்.

ஆயில் பம்ப்பிலிருந்து கிராங்க்குக்குப் போகும் வழியில் இன்னொரு பலவீனமான இடம் இருக்கிறது. ஆயில் டைமிங் கவருக்குள் ஏறி, அங்கிருந்து கிராங்க்கின் முனையைத் தழுவி நிற்கும் ஒரு சிறிய சீல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. அந்த சீலின் உதடு தேய்ந்தாலோ, கவரை மாட்டும்போது மடங்கிவிட்டாலோ, அழுத்தம் முழுவதும் அங்கேயே கசிந்துவிடும். ஆனால் டேங்கின் மூடியைத் திறந்து பார்த்தால் திரும்பி வரும் ஆயில் வழக்கம் போலக் கொட்டிக்கொண்டே இருக்கும். கசிந்த ஆயிலும் கிராங்க் கேஸின் அடிக்குத்தான் வருகிறது, அதையும் பம்ப் இறைத்து டேங்குக்கு அனுப்பிவிடுகிறது. டேங்குக்கு ஆயில் திரும்புகிறது, எனவே இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று நம்புவது இதனால்தான் ஆபத்து. நான் ஒரு பிரஷர் கேஜ் பொருத்தினேன். சூடான இன்ஜின் ஐட்லிங்கில் 20 முதல் 25 பிஎஸ்ஐ, ஓட்டத்தில் 65 முதல் 80 பிஎஸ்ஐ இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஹேண்டில்பாரின் அழகைக் கெடுக்கிறது என்று நண்பர்கள் சொன்னார்கள். உண்மைதான், கெடுக்கிறது.

இனி அந்தக் குழாய் விரைவில் நிரம்பாமல் இருக்க, ஆயில் டேங்குக்குத் திரும்பும் பாதையில் ஒரு சாதாரண திருகு வடிகட்டியைச் சேர்த்தேன். பம்ப்புக்கு ஆயில் வரும் பாதையில் அதை வைக்கக் கூடாது. இந்தப் பிளஞ்சர் பம்ப்பின் உறிஞ்சும் சக்தி குறைவு, குளிர்ந்த கெட்டியான ஆயிலை வடிகட்டியின் வழியாக இழுக்க அது திணறும். திரும்பும் பாதையில் ஆயில் தள்ளப்படுகிறது என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. வடிகட்டி வந்தபின் அழுக்கை மிதக்க வைத்துச் சுமந்து செல்லும் டிடர்ஜெண்ட் சேர்த்த 20டபிள்யூ-50 ஆயிலைத் தயங்காமல் ஊற்றலாம். ஆனால் ஆயிலைத் தேர்ந்தெடுக்கும்போது துத்தநாகமும் பாஸ்பரஸும் அடங்கிய இசட்டிடிபி என்னும் சேர்மானத்தைக் கவனிக்க வேண்டும். கேம் ஷாஃப்ட்டின் மேல் உராய்ந்து செல்லும் தட்டை டேப்பெட்டுகளை அதுதான் காப்பாற்றுகிறது. கார்களின் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால் 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் என்னும் ஆயில் தரத்திலிருந்து பல கார் ஆயில்களில் அதன் அளவைக் குறைத்துவிட்டார்கள். விலை உயர்ந்த புதிய கார் ஆயில் என்பதால் இந்த இன்ஜினுக்கு நல்லது என்று ஆகிவிடாது.

வண்டி சில வாரங்கள் நின்றால் டேங்கிலுள்ள ஆயில் பம்ப்பின் வால்வு வழியாக மெல்ல வடிந்து கிராங்க் கேஸில் தேங்குவது இவ்வகை இன்ஜின்களின் பழைய நோய். பலர் ஆயில் பாதையில் ஒரு தடுப்பு வால்வை வைத்து இதைத் தீர்க்கிறார்கள். நான் மறுத்துவிட்டேன். அந்த வால்வு ஒரு நாள் மூடியபடியே சிக்கிக்கொண்டால், இன்ஜின் ஆயில் இல்லாமல் ஓடும்; கையால் திறக்கும் வகையாக இருந்தால் ஒரு நாள் நான் திறக்க மறப்பேன். சிறு தொல்லையைத் தீர்க்கப் பெரிய ஆபத்தை உள்ளே கொண்டுவருவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பம்ப்பின் பந்து வால்வுகள் அமரும் இருக்கைகளைச் சுத்தம் செய்து, பந்துகளை மாற்றினேன். வடிதல் குறைந்தது, நிற்கவில்லை. நீண்ட நாள் நின்ற பிறகு அடிமூடியைக் கழற்றித் தேங்கியதை வடித்துவிட்டே கிக் செய்கிறேன்.

பிரிட்டிஷ் வண்டி என்றாலே ஆயில் ஒழுகும் என்ற பேச்சுக்கு வருகிறேன், இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 360 டிகிரி கிராங்க் என்பதால் இந்த இன்ஜினின் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் கிராங்க் கேஸின் உள்ளே இருக்கும் காற்றின் கன அளவு 649 சிசி கூடிக் குறைகிறது. 4000 ஆர்பிஎம்மில் இது நொடிக்கு அறுபத்தாறு முறை நடக்கிறது. இன்ஜினின் கீழ்ப்பாதி ஒரு காற்றடிக்கும் பம்ப்பாகவே வேலை செய்கிறது என்று சொல்லலாம். இவ்வளவு காற்றும் வெளியேறச் சரியான வழி இல்லாவிட்டால், அது கேஸ்கெட்டுகளின் ஓரங்களையும் சீல்களையும் புஷ் ராட் குழாய்களின் ரப்பர் வளையங்களையும் தேடிப் போகும், போகும்போது ஆயிலையும் கூட்டிச் செல்லும். கேஸ்கெட்டை மாற்றி மாற்றி ஓய்ந்தவர்கள் பெரும்பாலும் காற்றின் கணக்கைப் பார்க்காதவர்கள். 1968 மாடலில் இன்லெட் கேம் ஷாஃப்ட்டின் முனையில் சுழலும் ஒரு துளைத் தட்டு, குறித்த நேரத்தில் திறந்து காற்றை வெளியே விடுகிறது. தட்டு தேய்ந்தால் அந்த நேரக் கணக்கு பொய்த்துவிடும். 1970-இல் தொழிற்சாலையே இதைக் கைவிட்டு, கிராங்க் கேஸிலிருந்து, இன்ஜினின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டு செல்லும் பிரைமரி செயினின் பெட்டிக்குள் காற்றை விட்டு அங்கிருந்து பெரிய குழாய் வழியாக வெளியேற்றும் முறைக்கு மாறியது. என் இன்ஜினையும் அந்த முறைக்கு மாற்றி, வெளியேறும் குழாயின் தொடக்கத்தில் ஒருவழி ரீட் வால்வு ஒன்றை வைத்தேன். பிஸ்டன்கள் இறங்கும்போது காற்று வெளியேறுகிறது, ஏறும்போது திரும்ப நுழைய முடிவதில்லை; ஆகவே உள்ளே எப்போதும் லேசான வெற்றிட நிலை நிலவுகிறது. அதே கேஸ்கெட்டுகள், அதே பரப்புகள், ஆனால் வண்டியின் கீழே விரித்த அட்டையில் இப்போது பெரும்பாலும் எதுவும் விழுவதில்லை.

இங்கே ஓர் இடைச்செருகல். எனக்கு முன் இந்த இன்ஜினைத் தொட்ட யாரோ ஒருவர் ஒழுகலை நிறுத்தச் சிலிகான் பசையைத் தாராளமாகப் பூசியிருந்தார். வெளியே பிதுங்கிய அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை. ஆயில் வலையில் மண்புழு போல இரண்டு துண்டுகள் சிக்கியிருந்தன. மூன்றாவது துண்டு வேறு எங்கே போயிருக்கும் என்ற கவலையில் ஒவ்வோர் ஆயில் துளையையும் கம்பி விட்டுப் பார்த்தேன்.

சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டில் செய்தது குறைவு. பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழக்கம் 1923-இல் தொடங்கியது; சாலை வாகனங்களுக்கு அந்தப் பெட்ரோல் உலகில் எங்கும் விற்கப்படுவதில்லை என்ற நிலை 2021-இல்தான் வந்தது. ஈயம் எரிந்து உருவான படிவு, எக்ஸாஸ்ட் வால்வும் அதன் சீட்டும் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டித் தேய்வதைத் தடுத்து வந்தது. அந்தப் பாதுகாப்பு போய்விட்டதால், எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கடினப்படுத்திய சீட்டும் நல்ல எஃகு வால்வும் போட்டேன். நிதானமாக ஓட்டுபவர்களின் பழைய சீட்டுகள் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்ததையும் பார்த்திருக்கிறேன். அளந்து பார்த்து, தேய்ந்திருந்தால் மட்டும் மாற்றினால் போதும். வால்வின் தண்டு நகரும் கைடுகள் வெண்கலம். இன்லெட் கைடுகளில் ரப்பர் சீல் போடும் பழக்கம் உண்டு, நான் போடவில்லை, கைடுக்குக் கொஞ்சம் ஆயில் போய்ச் சேரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏறக்குறைய 9:1 ஆக இருந்த கம்ப்ரஷனை (எரியும் கலவை நெருக்கப்படும் விகிதத்தை), குட்டையான தலை கொண்ட பிஸ்டன்களால் 8:1 அளவுக்குக் குறைத்தேன். வார்ப்பிரும்பு சிலிண்டர், காற்றால் மட்டும் குளிர்தல், பம்ப்பில் கிடைக்கும் பெட்ரோலின் நிச்சயமற்ற தரம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், மேட்டில் நாக்கிங் அடிக்காமல் (கலவை நேரம் தவறி வெடித்துத் தட்டாமல்) ஏறுவது கடைசிக் குதிரைத் திறனைவிட மதிப்புள்ளது. ஆனால் பிஸ்டனின் எடை மாறினால் கிராங்க்கின் சமநிலையும் மாறும். பழையதையும் புதியதையும் தராசில் வைத்துப் பார்த்து, வேறுபாடு கணிசமாக இருந்ததால், கிராங்க்கை மறுபடி பேலன்ஸ் செய்யக் கொடுத்தேன். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டு, பிறகு கை மரத்துப்போகிறது என்று புலம்புகிறவர்கள் அதிகம். அதிர்வு ஓட்டுபவரின் கையோடு நிற்பதில்லை. மின்கம்பிகளை முறிக்கும், டேங்கின் தாங்கிகளை விரிசலாக்கும், பல்பின் இழையை அறுக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் இக்னிஷனைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி வருகிறது. பாயிண்ட்டின் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைகிறது, இடைவெளி குறைந்தால் தீப்பொறி தாமதமாகிறது. இரண்டு சிலிண்டர்களுக்கும் தனித்தனிப் பாயிண்ட் என்பதால் தாமதமும் தனித்தனியாக நேர்கிறது. வேகத்துக்கேற்பப் பொறியை முன்கூட்டியே விழச் செய்யும் அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்தால் ஐட்லிங் இறங்காது. எலெக்ட்ரானிக் இக்னிஷனில் தேயும் பாகம் இல்லை, இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கணத்தில் பொறி விழுகிறது, ஆகவே ஒன்றுக்கொன்று முரண்பட வழியில்லை. முழு அட்வான்ஸில் 38 டிகிரிக்கு ஸ்ட்ரோப் விளக்கால் ஒரு முறை சரியாக வைத்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் அதைத் தொட வேண்டியதில்லை. ஆனால் பாயிண்ட் மெல்லக் கெடும், முன்கூட்டியே எச்சரிக்கும், சாலை ஓரத்தில் காகிதத் துண்டால் துடைத்து வீடு வந்து சேரலாம். எலெக்ட்ரானிக் பெட்டி நின்றால் நின்றதுதான். மேலும் பேட்டரியின் மின்னழுத்தம் இறங்கினால் இந்தப் பெட்டிகளில் சில குழம்பிப்போய், பொறியைத் தவறான நேரத்தில் விடும் அல்லது விடாமல் போகும். எனவே இக்னிஷனை மாற்றுபவர் சார்ஜிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அக்காலத்தில் ஆல்டர்னேட்டர் தரும் உபரி மின்சாரத்தை ஒரு சீனர் டயோடு வெப்பமாக்கி வீணடித்து, பேட்டரியைக் காப்பாற்றியது. அதையும் பழைய ரெக்டிஃபையரையும் எடுத்துவிட்டு, இரண்டின் வேலையையும் செய்யும் ஒரே ரெகுலேட்டரை வைத்தேன். அதோடு, பேட்டரியின் பாசிட்டிவ் முனையை வண்டியின் உடலோடு இணைத்த பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவ் எர்த்தாக மாற்றினேன். நிலைக்காந்த ஆல்டர்னேட்டர் என்பதால் அதற்கு எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. சுமார் 45 வாட் எடுத்த ஹெட்லைட்டுக்குப் பதில் எல்இடி வந்ததால், போக்குவரத்தில் ஊர்ந்து செல்லும்போதும் பேட்டரி குறைவதில்லை. முழு வண்டிக்கும் ஒரே ஃப்யூஸ் இருந்தது. இக்னிஷனுக்குத் தனி ஃப்யூஸ் வைத்தேன், ஹாரன் கம்பி உரசியதற்காக இன்ஜின் நிற்கக் கூடாது அல்லவா. இவற்றைவிடப் பலன் தந்தது விலை மிகக் குறைந்த ஒரு வேலை: ஹெட்டிலிருந்தும் ரெகுலேட்டரிலிருந்தும் பேட்டரிக்கு நேராக எர்த் கம்பி இழுத்தது. பெயிண்ட்டும் துருவும் பூசிய ஃப்ரேமை மின்சாரத்தின் திரும்பும் வழியாக நம்புவது இக்னிஷன் பெட்டி குழம்புவதற்குப் பாதிக் காரணம் என்பது என் கணிப்பு.

கார்புரேட்டரில் அமால் நிறுவனத்தின் கான்சென்ட்ரிக் மாடலையே வைத்துக்கொண்டேன். அதன் உடலும் உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடும் ஒரே மென்மையான துத்தநாகக் கலவை என்பதால் ஒன்றையொன்று தேய்த்துக் காற்று கசியவிடும், ஐட்லிங் அலையும். கடின அனோடைஸ் செய்த அலுமினிய ஸ்லைடு இதை ஏறக்குறைய தீர்த்துவிடுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்க வேண்டியிருந்தது. தூய பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு என்றால் பத்து சதவீத எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 14.1 பங்குதான், ஆகவே பழைய ஜெட்டில் கலவை வறண்டு பிஸ்டன் சூடாகும். பெட்ரோல் குழாய்களையும் டேப்பின் கார்க்கையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றினேன்.

பிரைமரி செயினுக்குப் பதில் பெல்ட் போடவில்லை. பெல்ட்டுக்கு உலர்ந்த பெட்டி வேண்டும், என் இன்ஜின் இப்போது அந்தப் பெட்டி வழியாகத்தான் மூச்சு விடுகிறது. ஒரு மேம்பாடு இன்னொன்றைத் தடுக்கும் இடம் இது. ஆயில் கூலரும் வைக்கவில்லை. சாதாரண ஓட்டத்தில் ஆயில் போதுமான சூட்டை எட்டாமல் போனால் அதில் சேரும் நீர் ஆவியாகாது, வெண்ணெய் போலத் திரண்டு டேங்கின் மூடியில் ஒட்டும்.

கட்டி முடித்த பிறகு முதல் நூறு கிலோமீட்டரில் ஒரு முறையும் ஐந்நூறில் ஒரு முறையும் ஆயிலை மாற்றினேன். முதல் வடிகட்டியை அறுத்துப் பிரித்துப் பார்த்தபோது மடிப்புகளில் மினுமினுக்கும் துகள்கள் இருந்தன, இரண்டாவதில் அநேகமாக இல்லை. கேஜின் முள் சூடான ஐட்லிங்கில் 22-ஐத் தொட்டு நிற்கிறது. ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடிய நிலையில் தொந்தரவு கொடுத்தது ஒன்றே ஒன்று: ராக்கர் பெட்டியின் மேல் இருக்கும் டேப்பெட் மூடி ஒன்று அதிர்வில் கழன்று, எங்கோ சாலையில் விழுந்துவிட்டது. புதிய மூடி வாங்கி, நான்கையும் கம்பியால் கட்டியிருக்கிறேன்.